இடப்பக்க மோட்டார் ஏன் சுட்டது: ஒரு மாணவர் ரோபோவின் முன் ஷாஃப்ட்டில் நடந்தது

முதல் ஓட்டத்தில் ரோபோ இடப்பக்கம் ஒதுங்கியது. ஜாய்ஸ்டிக்கை நேராகத் தள்ளினாலும் ஐந்து மீட்டர் போவதற்குள் அரை மீட்டருக்கு மேல் விலகியது. மறுநாள் பார்த்தால் அந்த விலகல் இல்லை. புது செயின் ஓடி ஓடி இளகியிருக்கும், கியர்கள் ஒன்றோடொன்று பழகியிருக்கும் என்று நாங்களாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். மூன்றாம் நாள் பயிற்சி முடிந்து மோட்டார்களைத் தொட்டுப் பார்த்த மாணவி, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வலப்பக்க மோட்டார்கள் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன. இடப்பக்கத்தில் விரலை இரண்டு வினாடிகூட வைக்க முடியவில்லை.

நான் இந்த அணிக்கு இயந்திரப் பகுதியில் வழிகாட்டி. பூட்டுவது, கழற்றுவது, அளப்பது எல்லாம் மாணவர்களின் வேலை. பக்கத்தில் நின்று கேள்வி கேட்பது என் வேலை. இந்த முறை கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நானே கேட்கத் தவறினேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ரோபோவின் அடிப்பகுதி

ஆறு சக்கரங்கள், பக்கத்துக்கு மூன்று. நடுச் சக்கரம் மற்ற இரண்டையும் விட 3 மி.மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். ஆறும் ஒரே மட்டத்தில் தரையைப் பிடித்தால் திரும்பும்போது ஓரச் சக்கரங்கள் பக்கவாட்டில் தேய்ந்து இழுபடும். நடுச் சக்கரத்தைத் தாழ்த்தினால் எந்த நேரத்திலும் நான்கு சக்கரங்கள்தான் தரையில் அழுந்தும், ரோபோ லேசாகத் திரும்பும். மாணவர் போட்டிகளில் இது பழகிப்போன அமைப்பு.

ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிம் (CIM) வகை மோட்டார்கள் ஒரு கியர்பாக்ஸை ஓட்டுகின்றன. இந்த மோட்டார் 12 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 5,330 சுற்று சுற்றும். கியர்பாக்ஸில் இரண்டு அடுக்கு: 14 பல்லுக்கு 50 பல், அப்புறம் 16 பல்லுக்கு 48 பல். மொத்த விகிதம் 10.71. ஆறு அங்குலச் சக்கரத்தோடு கணக்குப் போட்டால் சுமையில்லா வேகம் வினாடிக்கு 4 மீட்டர் வரும். இரண்டு ஜோடியிலும் பற்களின் கூட்டுத்தொகை 64 என்பதைக் கவனியுங்கள். இரண்டு ஜோடிக்கும் மைய தூரம் ஒன்றே, அதனால் கியரை மாற்றிப் பூட்டினால் உடனே காட்டிக்கொடுக்கும். 16-உடன் 50-ஐச் சேர்த்தால் உள்ளே போகவே போகாது, 14-உடன் 48-ஐச் சேர்த்தால் லொடலொடவென்று ஆடும். தவறைத் தானே பிடித்துக்கொடுக்கும் வடிவமைப்பு எனக்குப் பிடிக்கும். நாங்கள் வரைந்த மிச்சப் பகுதிக்கு அந்தக் குணம் இல்லை.

கியர்பாக்ஸின் வெளியீட்டு ஷாஃப்ட்டிலேயே நடுச் சக்கரம். அங்கிருந்து முன்னால் ஒரு செயின், பின்னால் ஒரு செயின். 25-ஆம் எண் செயின், அதாவது ஒரு கண்ணிக்கு 6.35 மி.மீட்டர். இரண்டு முனையிலும் 16 பல் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்), 88 கண்ணி. பல் எண்ணிக்கையைக் கண்ணி எண்ணிக்கையிலிருந்து கழித்து, பாதியாக்கி, கண்ணி நீளத்தால் பெருக்கினால் மைய தூரம் 228.6 மி.மீட்டர். அதற்கு மேல் அரை மி.மீட்டர் அளவுக்குச் சேர்த்து ஓட்டை போட்டோம், புது செயினில் இருக்கும் தளர்வு அதில் சரியாகிவிடும். நடுச் சக்கரம் தாழ்ந்திருப்பதால் தூரம் மாறாதா என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. கணக்குப் போட்டால் வித்தியாசம் 0.02 மி.மீட்டர்தான், விட்டுவிடலாம்.

ஓரச் சக்கரம் ஒவ்வொன்றும் அரை அங்குல அறுகோண ஷாஃப்ட்டில், இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே நிற்கிறது. தகடு ஒவ்வொன்றும் கால் அங்குலக் கனம், நடுவில் 60 மி.மீட்டர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ஷாஃப்ட்டின் மேல் சக்கரம், ஸ்ப்ராக்கெட், இடையிடையே இடைவெளியை நிரப்பும் ஸ்பேசர் வளையங்கள் என்று வரிசையாகக் கோத்திருக்கும். இரு முனையிலும் தகட்டுக்குள் ஒரு ஃபிளாஞ்ச் பேரிங், அதாவது ஒரு பக்கம் விளிம்பு நீட்டியிருக்கும் குண்டுப் பேரிங். பேரிங்கின் ஃபிளாஞ்ச் 1.6 மி.மீட்டர், மீதி உடல் 6.35 மி.மீட்டர், தகட்டின் கனமும் அதே. ஃபிளாஞ்சை வெளிப்பக்கம் வைத்து அழுத்தினால் பேரிங்கின் உள்முகமும் தகட்டின் உள்முகமும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகில் மயங்கித்தான் அப்படி வரைந்தோம் என்று நினைக்கிறேன்.

தேடல் தவறான இடத்தில் தொடங்கியது

மோட்டார் சுட்டால் மோட்டாரைத்தான் முதலில் குறை சொல்வார்கள். ஒன்றை மாற்றிப் போட்டோம், அதுவும் சுட்டது. பேட்டரியை மாற்றினோம், ஒன்றும் ஆகவில்லை. கியர்பாக்ஸைத் திறந்து கிரீஸ் பூசினோம். ஏற்கனவே இருந்ததே போதும், இரண்டாவதாகப் பூசியது கைக்கும் தரைக்கும்தான். ஒரு மாலை முழுக்க இதிலேயே போனது.

அடுத்த நாள் ரோபோவை மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்து, ஆறு சக்கரமும் அந்தரத்தில் சுற்ற, ஒவ்வொரு மோட்டாரும் இழுக்கும் மின்னோட்டத்தைத் திரையில் பார்த்தோம். வலப்பக்க மோட்டார்கள் தலா 4 ஆம்பியர். இடப்பக்கம் தலா 9. சும்மா சுற்றுவதற்கே இரண்டு மடங்குக்கு மேல்.

இந்த ஐந்து ஆம்பியர் எவ்வளவு பெரியது? இந்த மோட்டாரை முற்றிலும் பிடித்து நிறுத்தினால் 131 ஆம்பியர் இழுக்கும், அப்போது 2.41 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். விகிதம் போட்டால் ஐந்து ஆம்பியருக்கு 0.09 நியூட்டன் மீட்டர் வருகிறது. இரண்டு மோட்டார், 10.71 மடங்கு என்று பெருக்கினால் சக்கரத்தில் 2 நியூட்டன் மீட்டர் அளவு. ஆறு அங்குலச் சக்கரத்தின் விளிம்பில் இரண்டரை கிலோவைத் தொங்கவிட்டு அதை இழுத்துக்கொண்டே ஓடுகிற மாதிரி. சிறிய உராய்வு இல்லை. எங்கோ ஏதோ ஒன்று அழுந்தித் தேய்கிறது.

சரி, எங்கே? பின் செயினைக் கழற்றச் சொன்னேன். மின்னோட்டம் அசையவில்லை. அதை மாட்டிவிட்டு முன் செயினைக் கழற்றினார்கள். 4 ஆம்பியருக்கு இறங்கியது. மோட்டார், கியர்பாக்ஸ், கோட், பேட்டரி எல்லாம் ஒரே நிமிடத்தில் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியே போயின. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை. செயினைக் கழற்றி மாட்டுவது பிடிக்காத வேலை என்பதால் தள்ளிப்போட்டோம். நாங்கள் இணைப்புக் கண்ணி போடுவதில்லை, செயினின் பழைய ஊசியையே கருவியால் தள்ளித் திறந்து அதையே மறுபடி அழுத்தி மூடுகிறோம். கிளிப் உள்ள கண்ணியில், மூடிய முனை ஓடும் திசையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். முன்னும் பின்னும் ஓடுகிற ரோபோவில் எந்தத் திசை ஓடும் திசை என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

செயின் இல்லாத முன் இடச் சக்கரத்தைக் கையால் சுண்டினேன். கால் சுற்று போய் நின்றது. வலப்பக்கத்தில் அதே சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

இதைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாமே என்று தோன்றலாம். செயின் மாட்டியிருக்கும்வரை முடியாது. சக்கரத்தைக் கையால் திருப்பினால் 10.71 விகிதத்தின் வழியாக இரண்டு மோட்டாரையும் சேர்த்தே திருப்புகிறோம், அதனால் நல்ல நிலையில் உள்ள பக்கமும் கெட்டியாகத்தான் இருக்கும். அந்தக் கெட்டித்தனத்துக்குள் இது ஒளிந்துகொண்டது.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தோம். வெளித்தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் முன் ஷாஃப்ட்டுக்கு அருகிலுள்ள நான்கை அரைச் சுற்று தளர்த்தினோம். சக்கரத்தைச் சுண்டினால் இப்போது நன்றாகவே சுற்றியது. மறுபடி இறுக்கினால் பிடித்துக்கொண்டது. அந்த மாணவி நான்கைந்து முறை தளர்த்தியும் இறுக்கியும் பார்த்தாள், நம்ப முடியாமல். உள்ளே கோத்திருக்கும் வரிசை, தகடுகளுக்கு நடுவே உள்ள இடத்தை விட நீளம். வேறு விளக்கம் இல்லை.

உள்ளே இருந்தது

வெளித்தகட்டைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளை ஸ்பேசர். மற்ற இடங்களில் எல்லாம் அலுமினிய ஸ்பேசர், இது ஒன்று மட்டும் 3டி பிரிண்டரில் அடித்த பிளாஸ்டிக். பேரிங்கைப் பார்த்த அதன் முகத்தில், வெளி ஓரத்தை ஒட்டி, மெல்லியதாக ஒரு வளையம். அந்த வளையம் மட்டும் கண்ணாடி போல் வழுவழுப்பாக மின்னியது, அச்சின் அடுக்கு வரிகள் அங்கே தேய்ந்து உருகி மறைந்துவிட்டன. வளையத்துக்கு உள்ளே வரிகள் புதிதாக அப்படியே இருந்தன. பேரிங்கின் ஃபிளாஞ்சில் மாவு மாதிரி வெள்ளைப் பொடி.

அலுமினிய ஸ்பேசரின் வெளிவிட்டம் 19 மி.மீட்டர். பேரிங்கின் உள்வளையத்தை மட்டும் தொடும், உள்வளையம் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றுவதால் தேய்மானமே இல்லை. பிரிண்ட் செய்தது 27 மி.மீட்டர். அது உள்வளையத்தையும் தாண்டி, சுற்றாமல் தகட்டோடு நிற்கும் வெளிவளையத்தில் போய் உட்கார்ந்திருந்தது. சுற்றும் பொருளை நிற்கும் பொருளின் மேல் வைத்து போல்ட்டால் அழுத்தினால் அதற்குப் பெயர் பிரேக்.

நீளம் எப்படிக் கூடியது என்று வெர்னியரை எடுத்தோம். கோத்த வரிசை 59.0 மி.மீட்டர். வரைபடத்திலும் அதுதான்: 60 இடைவெளி, 1 மி.மீட்டர் ஆட்டத்துக்கு. அளவில் பிழையே இல்லை. அப்புறம்தான் ஒருவன் பேரிங்கைக் காட்டினான். உள்தகட்டில் அதன் ஃபிளாஞ்ச் வெளியே இல்லை, உள்ளே இருந்தது. 1.6 மி.மீட்டர் அங்கே போய்விட்டது. மிச்சம் 58.4 மி.மீட்டர் இடத்தில் 59 மி.மீட்டர் வரிசை. போல்ட்டுகளை இறுக்க இறுக்கத் தகடுகள் கண்ணுக்குத் தெரியாமல் பிதுங்கி, பிளாஸ்டிக் நசுங்கி, எல்லாம் உள்ளே அடங்கிவிட்டன.

இன்னொரு தடயமும் கிடைத்தது. முன் செயினின் உள்பட்டைகளில் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தது. ஃபிளாஞ்ச் உள்ளே வந்ததால் ஸ்ப்ராக்கெட் ஒரு பக்கம் தள்ளப்பட்டு, செயின் சற்றே கோணலாக ஓடியிருக்கிறது. செயினைத் துடைக்கும்போது இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மின்னினால் வரிசை கோணல்.

இரண்டு நல்ல முடிவுகள்

யார் செய்தது என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். அதனால் எப்போது, எதற்காக என்று கேட்டேன்.

பேரிங் போட்டவன் சொன்னது: “வெளியே இருந்து போட்டா ரிவெட் தலை இடிக்குது சார். அதான் உள்ளே இருந்து போட்டேன்.” பேட்டரிச் சட்டத்தைப் பிடிக்கும் ரிவெட்டுகளில் ஒன்று முன் ஷாஃப்ட்டின் ஓட்டைக்கு ஒட்டினாற்போல் இருந்தது, அதன் தலை ஃபிளாஞ்சுக்கு இடம் விடவில்லை. பேட்டரிச் சட்டம் இடப்பக்கம் மட்டும்தான், அதனால் வலப்பக்கம் படத்தில் இருந்தபடியே இருந்தது. உள்ளே வைத்தால் பேரிங் வெளியே கழன்று போகாது என்றும் யோசித்திருக்கிறான். அந்த யோசனை சரி. ஃபிளாஞ்ச் உள்ளே இருந்தால் தகடே பேரிங்கை வெளியே போகவிடாமல் தடுக்கும். எங்கள் படத்தில் அந்த வேலையை வெறும் இறுக்கப் பொருத்தம்தான் செய்தது.

ஸ்பேசர் போட்டவள் வேறொரு நாள் வந்தவள். அலுமினிய ஸ்பேசர் ஒன்று குறைந்தது, பெட்டியில் இல்லை. நீளத்தை அளந்து அதே நீளத்துக்கு ஒன்றை பிரிண்ட் செய்தாள். வெளிவிட்டத்தைக் கூட்டியதும் அவளாக யோசித்துத்தான். பிளாஸ்டிக் என்பதால் சுவர் கனமாக இருக்கட்டும் என்று நினைத்தாள். பலம் வேண்டும் என்று நினைப்பவர் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

ஃபிளாஞ்ச் மட்டும் மாறி, ஸ்பேசர் அலுமினியமாகவே இருந்திருந்தால் பேரிங்குகளின் மேல் பக்கவாட்டு அழுத்தம் ஏறியிருக்கும், அவை சீக்கிரம் கெட்டிருக்கும். ஆனாலும் இந்த அளவு பிரேக் பிடித்திருக்காது. ஸ்பேசர் மட்டும் மாறியிருந்தால் அந்த 1 மி.மீட்டர் ஆட்டத்தில் அது அங்குமிங்கும் லேசாக உரசிவிட்டுப் போயிருக்கும். வேறு வேறு நாளில் இரண்டு பேர் எடுத்த இரண்டு முடிவு ஒரே ஷாஃப்ட்டில் வந்து சந்தித்தது.

சோதனையும் நடந்திருக்கிறது, அதுதான் வேடிக்கை. பூட்டியவர்கள் ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் விரலால் சுற்றிப் பார்த்து குறித்திருக்கிறார்கள். ஆனால் அப்போது வெளித்தகட்டில் இரண்டு போல்ட் மட்டும் கையால் திருகிய நிலை. முழுக்க இறுக்கியது அதற்கப்புறம். இறுக்கிய பிறகு செயின் வந்துவிட்டது, செயின் வந்த பிறகு கை ஒன்றையும் உணராது.

மறுபடி பூட்டியது

வரைபடத்துக்கு ஏற்ப ரிவெட்டை நகர்த்தலாமா, பேரிங்கை மாட்டியவனின் வழிக்கு வரைபடத்தை மாற்றலாமா என்று அரைமணி நேரம் பேச்சு. நான் இரண்டாவது பக்கம். நான்கு ஓர ஷாஃப்ட்டிலும் எல்லா ஃபிளாஞ்சும் உள்ளே என்று முடிவானது. 60-இல் இரண்டு ஃபிளாஞ்சுக்கு 3.2 போனால் 56.8. ஆட்டத்துக்கு 0.8 விட்டு, வரிசை 56.0 மி.மீட்டர். ஸ்பேசர்களை அதற்கேற்ப வெட்டினார்கள். எல்லாம் அலுமினியம், எல்லாம் 19 மி.மீட்டர். வெட்டிய முனையின் பிசிறை அரத்தால் எடுக்காமல் விட்டால் அது அளவில் 0.2 மி.மீட்டரைத் தின்றுவிடும், ஷாஃப்ட்டிலும் சிக்கிக்கொள்ளும். அறுகோண ஷாஃப்ட்டின் ஆறு முனைகளுக்கும் அதே கவனிப்பு.

முன் இடப்பக்கப் பேரிங்குகள் இரண்டையும் தூக்கிப் போட்டோம். விரலில் மாட்டி மெதுவாகச் சுற்றினால் மணல் இருப்பது போல் நெருடியது. புதியதை அழுத்தும்போது ஒரு மாணவன் சுத்தியலை எடுத்து, உள்வளையத்தின் மேல் கட்டை வைத்துத் தட்டத் தயாரானான். நிறுத்தினேன். தகட்டு ஓட்டைக்குள் இறுக்கமாகப் போவது வெளிவளையம், அதனால் அழுத்தமும் வெளிவளையத்தின் மேல்தான் வர வேண்டும். உள்வளையத்தில் தட்டினால் அந்த விசை குண்டுகளின் வழியாகப் போய் வெளிவளையத்தை இறக்கும், ஓடுபாதையில் சின்னச் சின்னக் குழி விழும். பேரிங் பார்க்கப் புதிதாகவே இருக்கும், சுற்றினால் கடகடக்கும். வெளிவளையத்தின் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டைத் தேடி எடுத்து, பெஞ்ச் வைஸில் வைத்து மெதுவாக அழுத்தினார்கள். சரக்கென்று சமமாக உள்ளே போனது.

போல்ட்டுகளுக்கு நீல நிற லாக்டைட், போல்ட் தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை. மேலே பாலிகார்பனேட் மூடி இருப்பதால் அங்கே ஒரு சொட்டும் படக்கூடாது என்று முன்பே எச்சரித்தேன், இந்தத் திரவம் பட்டால் பாலிகார்பனேட் விரிசல் விடும். தகட்டுப் போல்ட்டுகள் எல்லாவற்றையும் முழுக்க இறுக்கினார்கள். அதன் பிறகு, செயின் போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் இரண்டு விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார்கள். டக் டக் என்று அந்த 0.8 மி.மீட்டர் கையில் தெரிந்தது. நான்கிலும் அந்தச் சத்தம் கேட்ட பிறகே செயின். இப்போது இந்த வரிசைதான் எங்கள் பூட்டும் தாளில் எழுதியிருக்கிறது, ஆம்பியர் எழுத ஒரு கட்டமும் இருக்கிறது.

கட்டைகளின் மேல் வைத்து ஓட்டினோம். இடப்பக்கம் 4 ஆம்பியர், வலப்பக்கம் 4 ஆம்பியர். தரையில் இறக்கினோம்.

ரோபோ வலப்பக்கம் ஒதுங்கியது.

இயந்திரப் பிரிவு முழுக்க முகம் வெளுத்துப்போனது. ஒருத்தி ஏற்கனவே ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டாள், இப்போது வலப்பக்கத்தைக் கழற்ற வேண்டும் என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் கேட்கத் தவறிய கேள்வி. கட்டைகளின் மேல் முதல் முறை ஓட்டியபோது இடப்பக்கம் 9 ஆம்பியர் இழுத்தது, ஆனால் இரண்டு பக்கத்தின் வேகமும் திரையில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. அது நடக்கக்கூடாத விஷயம். இந்த மோட்டாரில் மின்னோட்டம் ஏற ஏற வேகம் அதே விகிதத்தில் இறங்கும். 131-இல் 5 என்றால் 4 சதவீதம் போலக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் யாரோ மறுபக்கத்தையும் குறைத்திருக்கிறார்கள். அந்த எண் என் கண் முன்னால் இருந்தது, நான் ஆம்பியரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோட் எழுதுபவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் லேப்டாப்பைப் பாதி மூடியிருந்தான்.

“முதல் நாள் இடப்பக்கம் போச்சுல்ல சார்... வலது மோட்டாரை 0.95-ஆல பெருக்கிவிட்டேன். நேரா போச்சு. அப்புறம் சொல்ல மறந்துட்டேன்.”

அந்த ஒரு வரியை அழித்துவிட்டு ரோபோவை மறுபடி ஆரம்பக் கோட்டில் கொண்டுவந்து வைத்தான்.